ஒரு பக்கத்தில் செண்பகம்

ஜனவரி 6, திங்கள்

புது டைரியின் முதல் பக்கம் மங்கலமாக இருக்க வேண்டும். அதனால் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மூத்தவன் வீட்டுப் பேரன் குற்றாலநாதன் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி இன்ஜினீயர். சொந்தமாகக் கார் ஓட்டுகிறான். அவன் தங்கை நித்திலா பல் டாக்டர், தங்கப் பதக்கம் வாங்கியவள். மகள் வீட்டுப் பேரன் மாணிக்கவாசகம் பாங்கு ஆபீசர். பரீட்சையில் நாலாவது தடவை பாஸானான். முந்தின மூன்று தடவையை நாங்கள் வெளியே சொல்வதில்லை. நாதனுடைய மகளுக்கு நாலு வயதுதான் ஆகிறது, நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள். எல்லோருடைய படமும் முன் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும்.

இளையவன் வீட்டுப் பேத்தி செண்பகவல்லி வீட்டில் இருக்கிறாள்.

நான் உலகம்மாள். தென்காசி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க்கு வாத்தியார் தவறு.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. எப்சிபா என்று ஒரு பெண் சனிக்கிழமைதோறும் என் காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறாள். தினமும் எத்தனை காலடி நடந்தேன் என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். குளியலறையில் ஒரு சின்ன வழுக்கல், அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

நடந்தது: 40 காலடி.

ஜனவரி 9, வியாழன்

செண்பகம் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து தட்டுகிறாள். என்ன என்று கேட்டேன்.

"ரெஸ்யூம் ஆச்சி. வேலைக்குப் போடுத காயிதம்."

"பயோடேட்டாதானே? நான்தான் மூணு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேன்லா?"

"அது கல்யாணத்துக்கு."

"ஆளு ஒண்ணுதானட்டி."

வாசித்துக் காட்டச் சொன்னேன். உயரம் இல்லை, நிறம் இல்லை, நட்சத்திரம் இல்லை. அவள் அப்பா, செத்துப்போன என் மகன் பேர்கூட இல்லை. சிங்கப்பூர் எங்கே, பல் டாக்டர் எங்கே என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் நாதன் அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கது வேணும். இவியளுக்கு நான் என்ன செஞ்சேன்னு தெரிஞ்சாப் போதும்."

"நீ என்னட்டி செஞ்ச?"

சாதாரணமாகத்தான் கேட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு என் காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் எடுத்துவரப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை.

நடந்தது: 40.

ஜனவரி 11, சனி

எப்சிபா வந்தாள். டைரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அடுக்களையில் செண்பகத்திடம் மெதுவாகச் சொன்னாள், "ஐநூறு காலடி வந்துட்டா பகல்ல ஆச்சிகூட ஆள் இருக்க வேண்டாம். நீங்க உங்க வேலையப் பாக்கலாம். ஆனா நாப்பதுலயே நிக்காவளே."

அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறாள். இடுப்பில்தானே அடிபட்டது, காதிலா?

நடந்தது: 38. இன்று கால் கொஞ்சம் கனமாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சிங்கப்பூரிலிருந்து போனில் எல்லோரும் முகம் காட்டினார்கள். "ஆச்சி சுகமா?" என்று நாதன் கேட்டான். "எனக்கென்னய்யா, ஜம்முன்னு இருக்கேன்" என்றேன். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது செண்பகம். அவள் முகம் அதில் விழவில்லை.

பொங்கல் சரியாக வெந்தது. முந்திரி போதவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கோயம்புத்தூரில் ஒரு வரன் என்று என் நாத்தனார் மகள் சொன்னாள். என்னுடைய மூன்று பக்கத்தை என் மருமகள், செண்பகத்தின் அம்மா விசாலத்திடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். விசாலம் கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிறாள், காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அத்தை?"

"கேட்டா வேண்டாம்பா. அதான் கேக்கல."

வேலை தேடுகிற காகிதத்தைச் செண்பகம் இதுவரை நாற்பத்தோரு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாளாம். ஒருவரும் பதில் போடவில்லை. என்னுடையதை ஒரே இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன், பார்ப்போம்.

ஜனவரி 27, திங்கள்

ரெஸ்யூம் விஷயம் எனக்கு இப்போது பாதி பிடிபட்டுவிட்டது. செண்பகம் யாரோ பேசுகிற வீடியோவைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்கிறாள், நானும் கேட்டேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் ஆறு செகண்டுதான் பார்ப்பார்களாம். ஆறு செகண்டில் நான் ஒரு கத்தரிக்காயைக்கூடப் பொறுக்கி எடுத்ததில்லை. காம்பைப் பார்க்க வேண்டாமா, ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டாமா?

அப்புறம், நல்லா வேலை செய்வேன், பொறுமைசாலி என்றெல்லாம் எழுதக் கூடாதாம்.

"பின்ன எப்படித்தான் தெரியும்?"

"எண்ணிக்கை போடணும் ஆச்சி. எத்தனை பேரைப் பாத்தேன், எத்தனை நாள்ல முடிச்சேன். எண்ணிக்கை இருந்தாத்தான் நம்புவாவ."

இது எனக்குப் பிடித்தது. கணக்கில் தொண்ணூற்றெட்டு.

"அப்ப நல்லாத்தானே எழுதியிருப்ப, ஏன் ஒருத்தனும் கூப்பிடல?"

"நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன்ல மெட்ராஸ் வேலையை விட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. குடும்பக் காரணம்னு ஒரு வரி போட்டிருக்கேன்."

"என்ன காரணம்?"

என்னைப் பார்த்தாள். என் கட்டில் பக்கத்தில் நிற்கிற வாக்கரைப் பார்த்தாள். "கொசு வருது, கதவைச் சாத்துதேன்" என்று எழுந்து போனாள். பதினோரு மணி வெயிலில் என்ன கொசுவோ.

நடந்தது: 41.

பிப்ரவரி 1, சனி

செண்பகம் இன்று சிரித்த முகமாக இருக்கிறாள். "ஓட்டையை அடைச்சுட்டேன் ஆச்சி."

"எதை வச்சு அடைச்ச?"

"இருக்கத வச்சுத்தான்."

வாசித்துக் காட்டவில்லை. அவளுடைய போன் அடிக்கடி அணைந்துவிடுகிறது என்று என் பட்டன் போன் நம்பரையும் அதில் போட்டிருக்கிறாளாம். போட்டுக்கொள்ளட்டும். எனக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

குரங்குகளின் அட்டகாசம் தாங்கவில்லை. விசாலம் மொட்டை மாடியில் கூழ் வத்தல் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். செண்பகம் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மேலே தடதடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு குட்டியும் தாயும் உட்கார்ந்து பாதி வத்தலைத் தின்றுவிட்டன. துடைப்பத்தை ஓங்கினேன். தாய்க்குரங்கு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நானும் காட்டினேன். அது தண்ணீர்த் தொட்டி மேல் தாவிப் போய்விட்டது. மிச்சத்தை அள்ளி மூடி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

நடந்தது: 40.

பிப்ரவரி 12, புதன்

நல்ல செய்தி. கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது! என் மூன்று பக்கம் வேலை செய்துவிட்டது. செண்பகம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நானே பேசினேன்.

"வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். செண்பகவல்லி பத்திக் கொஞ்சம் விசாரிக்கணுமுங்க" என்றாள் ஒரு பெண். மரியாதையான குரல்.

"தாராளமா விசாரிங்கம்மா. நான் அவ ஆச்சி."

"அப்படிங்களா! பாட்டிக்கு ரொம்ப முடியலைங்கறதால இவங்கதான் ரெண்டரை வருஷமாப் பாத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க..."

யாரோ வேண்டாதவர்கள் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே எனக்கு விளங்கிவிட்டது. கல்யாணம் என்றால் இப்படி நாலு பேர் கிளம்பத்தானே செய்வார்கள்.

"யாருக்கு முடியல? எனக்கா? எவம்மா சொன்னது? இந்த வீட்ல ஒருத்தருக்கு ஒரு தலைவலி கிடையாது. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. நான் தினமும் குற்றாலம் வரைக்கும் நடந்து போயிட்டு வாரேன்."

"அப்ப இந்த ரெண்டரை வருஷம் அவங்க என்னங்க பண்ணினாங்க?"

"சும்மா ராணி மாதிரி இருக்கா! ஒரு வேலை வாங்கினது கிடையாது. வேலைக்குப் போகணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்தா? அண்ணன் சிங்கப்பூர், அக்கா பல் டாக்டர். சரி, பையன் என்ன பண்ணுதான்?"

"எந்தப் பையனுங்க?"

"உங்க பையன்தான்."

"சரிங்கம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். பையனின் அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம் போலிருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும். செண்பகத்திடம் இப்போது சொல்ல வேண்டாம், முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நடந்தது: 40. மனதுக்குள் நானூறு.

பிப்ரவரி 14, வெள்ளி

செண்பகம் லேப்டாப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆச்சி, புதன்கிழமை உனக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல இருந்து."

"அது மாப்பிள்ளை வீடு இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க வார நோயாளியளுக்குக் கூடமாட இருந்து, டாக்டர், இன்சூரன்ஸ், மருந்து எல்லாத்தையும் கவனிச்சுக் கொடுக்குத வேலை. நாப்பத்திரண்டாவதா போட்டேன். கூப்பிட்ட ஒரே இடம். நான் எழுதினதை வீட்டு ஆளே இல்லன்னு சொல்லிட்டாவளாம். அதனால மேற்கொண்டு பாக்க மாட்டோம்னு எழுதியிருக்காவ."

கல்யாண விசாரிப்பில் வீட்டில் சீக்கு இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? எனக்கு என்ன தெரியும்? என்று சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஊருக்கெல்லாம் நீ ஜம்முன்னு இருக்க ஆச்சி. எனக்கு மட்டுந்தான் உனக்கு உடம்பு சரியில்ல."

அந்த ஒரு பக்கத்தைப் பிறகுதான் வாசித்துக் காட்டினாள். நடுவில் அவள் ஓட்டை என்று சொன்ன இடத்தில் நான் இருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையிலிருந்த முதியவரைப் பராமரித்தது. இரண்டு அறுவை சிகிச்சை. மூன்று ஆஸ்பத்திரி. முதலில் தள்ளிவிட்ட இன்சூரன்ஸ் விண்ணப்பத்தைத் திரும்பப் போட்டு முழுவதும் பெற்றது. என் பேர் இல்லை. முதியவராம்.

வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பிப்ரவரி 15, சனி

எப்சிபா வந்தாள். காட்ட ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சின்ன வழுக்கல் இல்லை.

எப்சிபா, இந்தப் பக்கத்தை நீ படிக்காதே.

இடுப்பு எலும்பு இரண்டாக உடைந்தது. ஸ்க்ரூ வைத்தார்கள், சீழ் பிடித்தது, திரும்ப அறுத்தார்கள். பத்து மாதம் படுத்த படுக்கை. மூத்தவன் வீட்டிலிருந்து ஆப்பிளோடு வந்தார்கள், நாலாம் நாள் போனார்கள். அவர்களுக்கும் வேலை இருக்கிறதல்லவா. செண்பகம் மெட்ராஸிலிருந்து பத்து நாள் லீவு போட்டு ஒரு பையோடு வந்தாள். அந்தப் பையில் இருந்த ஐந்து சுடிதாரைத்தான் பல மாதம் மாற்றி மாற்றிப் போட்டாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் குயில் கூவும். உடனே வந்து என்னைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்து, பவுடர் போடுவாள். தோசையைக்கூட ஒரு தடவைதான் திருப்புவார்கள் என்று நான் திட்டியிருக்கிறேன். அந்தக் குயிலை உதைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "நீ எழுந்து வந்து உதை ஆச்சி" என்பாள்.

இந்த டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

விசாலம் வேலைக்குப் போன பிறகு, செண்பகம் கேஸ் சிலிண்டருக்குப் பதியப் போன நேரம் பார்த்து, புதன்கிழமை வந்த நம்பருக்கு நானே போட்டேன். அதே குரல்.

"நான் தென்காசி செண்பகவல்லி ஆச்சி. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"பாட்டி, நாங்க அந்த ஃபைலை மூடிட்டோமுங்க..."

"ஆறு செகண்டு கேளும்மா. அவ்வளவுதானே பாப்பிய."

அவள் வைக்கவில்லை. செண்பகம் சொன்னபடியே சொன்னேன், எண்ணிக்கை மட்டும்.

"பத்து மாசம் படுக்கை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டா. ராத்திரியும்தான். எனக்கு எழுபத்திநாலு வயசு. முதுகுல ஒரு புண் கிடையாது."

பிறகு மெதுவாக, "ஒண்ணுகூட வரலைங்களா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் ஏன் பாட்டி அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"மாப்பிள்ளை வீடுன்னு நினைச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. ஆனால் கெட்டிக்காரி, விடவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவங்க இங்க வந்துட்டா உங்களை யாரு பாத்துக்குவா? பாதியில விட்டுட்டு வந்துருவாங்களே?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாற்பது காலடிக்காரியை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்?

"யாரும் பாக்க வேண்டாம்மா. போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை மாடிக்கு ஏறிக் குரங்கை விரட்டினேன். இருபத்தி ரெண்டு படி. வாக்கர் இல்லாம. கோயில் வரைக்கும்கூடப் போவேன், போகாம இருக்கேன்."

"டிஸ்சார்ஜ் பேப்பரை எல்லாம் அனுப்பச் சொல்லுங்க, எங்க மேடத்துகிட்டப் பேசறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் செண்பகம். கையில் கேஸ் புத்தகம்.

"மாடிக்கு ஏறினியா?"

"குரங்கு வந்துச்சு."

"ஏற இருபத்தி ரெண்டு, இறங்க இருபத்தி ரெண்டு. நாப்பத்தி நாலு ஆச்சு. டைரியில நாப்பதுன்னு இருக்கு. கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கினவதானே நீ?"

"அந்த ரெண்டு மார்க்கு போனது இதுலதான்."

"ஏன் ஆச்சி?"

முந்தானையால் போனைத் துடைத்தேன். ஐநூறு ஆகிவிட்டால் பகலில் ஆள் வேண்டாம் என்று எப்சிபா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. செண்பகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் சுவரில் இருந்த சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது: 610. இது நிஜம். எப்சிபா இதைப் படிக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

லேப்டாப்பில் நேர்காணல். நாலு பேர் கேட்டார்கள், செண்பகம் தயங்காமல் பதில் சொன்னாள். வழக்கமாக ஆள் வந்தால் வாக்கரைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். இன்று அவள் முதுகுக்குப் பின்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நானே கொண்டுபோய் நிறுத்தினேன். சாட்சி வேண்டாமா?

மார்ச் 3, திங்கள்

கிடைத்துவிட்டது. விசாலம் அழுதாள். நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பஸ் ஏறினாள். அதே பை. தெருமுனை வரை நடந்து போய் வழியனுப்பினேன். திரும்பி வரும்போது எண்ண மறந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பதினோரு மணிக்கு வெந்நீர் நானே வைத்துக்கொண்டேன். சூடு கொஞ்சம் கூடிவிட்டது.

மார்ச் 15, சனி

எப்சிபா வந்து டைரியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இனிமே மாசத்துக்கு ஒருதரம் வந்தாப் போதும்" என்றாள். வாரத்துக்கு ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன்.

செண்பகத்துக்கு எழுதிய கடிதம் இது. விசாலம் திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பாள். ஞாபகத்துக்கு இங்கே ஒரு நகல்:

அன்புள்ள செம்பாவுக்கு ஆச்சி எழுதுவது. இங்கே நலம், இந்த முறை நிஜமாகவே நலம். நேற்று 900. உன் கல்யாணக் காகிதத்தைத் திரும்ப எழுதினேன். மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிவிட்டேன். சிங்கப்பூரை அடித்துவிட்டேன், பல் டாக்டரை அடித்துவிட்டேன், மாணிக்கத்தையும் அடித்துவிட்டேன். நீ மட்டும் இருக்கிறாய். புரட்டிப் போட்ட கணக்கைப் போட்டேன், பத்து மாதத்துக்கு மூவாயிரத்து அறுநூறு தடவை. பாதி உன் அம்மாவுக்குச் சேரும் என்று சொல்லுவாய். அவளைக் கேட்டால், எல்லாம் உனக்குத்தான் சேரும் என்றாள். இந்தக் காகிதத்தை உன்னைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

முன் அறைச் சுவரில் உன் படம் இல்லை என்பதை இப்போதுதான் பார்த்தேன். தேடினால் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம் ஒன்றுதான், நித்திலாவின் கண்ணாடிச் சட்டத்து மூலையில் செருகியிருக்கிறது. அதில் உனக்கு ரெட்டைப் பின்னல். ஆகையால் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்க, ஸ்டூடியோவுக்குப் போய்ப் பெரிய அளவில் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை மாட்ட முடியாது. சிங்கப்பூருக்கு மேலே ஆணி அடித்தாயிற்று. முக்காலியில் ஏறி நானே அடித்தேன், எப்சிபாவிடம் சொல்லாதே. படத்தைச் சீக்கிரம் அனுப்பு.